ரத்தத்தில் சீசா

எனக்குக் கன்னடம் தண்ணி பட்ட பாடு. பிறந்தது, படித்தது, எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தது எல்லாம் இதே பெங்களூர் லிங்கராஜபுரத்தில்தான். "யாவ ஊர் கன்னட ரீ நிம்து?" என்று, இது எந்த ஊர்க் கன்னடம் என்று, கன்னடக்காரர்களே என்னைக் கேட்டிருக்கிறார்கள். "அது பாராட்டுன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்பாள் ஆஞ்சலா. அவள் என் மனைவி. எந்தச் சந்தோஷத்தையும் அப்படியே விட்டுவைக்க அவளுக்கு மனசு வராது.

ஆகவே ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, எங்கள் ஏரியாவுக்குச் சுகாதாரம் பார்க்கிற ஆஷா ஒர்க்கர் சாவித்ரம்மா ரோஸ் புடவையோடும் ரிஜிஸ்டரோடும் மாடிப்படி ஏறி வந்து கன்னடத்தில் பேசியபோது, எனக்கு அதை மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விஷயம் எங்கள் பெண் ஜோவிட்டாவைப் பற்றியது. நாலரை வயது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு எத்தனையோ வியாழக்கிழமைகள் பஸ் ஏறிப் போய் வந்த பிறகு பிறந்தவள். சில மாதமாகவே அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு வலிக்கிறது என்பாள். ஒன்றுமில்லாததற்கு அழுவாள், கத்துவாள். அம்மா குணம் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அப்பா குணம் என்று ஆஞ்சலா நினைத்தாள். அதோடு விட்டுவிட்டோம். மே மாதம் ஒரு மருத்துவக் கல்லூரிக்காரர்கள் எங்கள் தெருவில் கேம்ப் போட்டு, சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதன் முடிவைத்தான் சாவித்ரம்மா கொண்டுவந்திருந்தார்.

"பெர்னார்ட் அவரே, மகு ரக்ததல்லி சீஸ ஜாஸ்தி இதெ. மனேல் எல்லி சீஸ இதெ நோடி, தெகெது பிடி. குருவார ஆஸ்பத்ரிகே பன்னி."

குழந்தை ரத்தத்தில் சீசா அதிகம். வீட்டில் எங்கே சீசா இருக்கிறது என்று பார்த்து எடுத்துவிடு. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வா. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? "ஆயித்து மேடம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

"இன்னா சொல்லிட்டுப் போறாங்க?" என்றாள் ஆஞ்சலா.

"ரத்தத்துல சீசாவாம்."

"சீசான்னா, பாட்டில் சீசாவா?"

"வேற எந்த சீசா இருக்கு? கண்ணாடித் தூள் உள்ள போயிருக்கு. அதான் வயிறு வலி."

ஆஞ்சலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் கை கால் ஓடவில்லை. குழந்தை வயிற்றுக்குள் கண்ணாடி என்றால் எந்தத் தகப்பனுக்கு ஓடும்? பயந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். அந்தக் கோபத்தை யார் மேல் இறக்கலாம் என்று பார்த்தேன். ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

கீழ்வீட்டில் எங்கள் ஓனர் கோதண்டராமன் இருந்தார். ரிட்டையர் ஆன மனுஷன். வாசல் கேட்டிலிருந்து எங்கள் மாடிக் கதவு வரை படிக்கு ஒன்றாக இருபத்து மூன்று கண்ணாடி பாட்டில் வைத்து, தண்ணீர் ஊற்றி, மணி பிளான்ட் வளர்த்தார். அத்தனை பாட்டிலும் எதிலிருந்து காலியானவை என்று அந்தத் தெருவுக்கே தெரியும், ஆனால் லேபிளை மட்டும் சுத்தமாகச் சுரண்டி எடுத்திருப்பார். ஜோவி படி இறங்கும்போது ஒவ்வொரு பாட்டிலையும் தொட்டுக்கொண்டே இறங்குவாள். பாதிக்குப் பெயர்கூட வைத்திருந்தாள்.

நான் இருபத்து மூன்றையும் ஒரு சாக்கில் போட்டேன்.

"இன்னா பெர்னார்ட், யாரைக் கேட்டு என் செடியைப் புடுங்கற?" என்று பனியனோடு ஓடிவந்தார் ஓனர்.

"உங்க சீசா என் பொண்ணு ரத்தத்துல இருக்குது சார். கவர்மென்ட்லயே சொல்லிட்டாங்க."

"ரத்தத்துல சீசா வர்ற அளவுக்குக் குடிச்சது நானு. எனக்கே வரல. அந்தப் பச்சைப் புள்ளைக்கு எப்படிய்யா வரும்?"

நியாயமான கேள்வி. ஆனால் நியாயம் கேட்கிற நிலையில் நான் இல்லை. சாக்கைக் கொண்டுபோய் ஓரமாகக் கட்டிவைத்தேன். அன்றிலிருந்து கோதண்டராமன் என்னோடு பேசுவதை நிறுத்தினார். தண்ணீர் மோட்டாரையும் அவர் இஷ்டத்துக்குத்தான் போட்டார்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரொம்பச் சின்ன வயசு. கோயம்புத்தூர்ப் பக்கம். நாங்கள் தமிழர்கள் என்று தெரிந்ததும் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எங்களுக்குப் புரிய வேண்டுமே என்று பார்த்துப் பார்த்து நல்ல தமிழில் பேசினார். அங்கேதான் எனக்கு அடுத்த சனி.

"குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது. பதினெட்டு. இது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். படிப்பு, ஞாபகம், நடத்தை எல்லாவற்றையும். மருந்தைவிட முக்கியம், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துவது."

ரிப்போர்ட்டை நான் வாங்கிப் பார்த்தேன். Pb என்று போட்டு எதிரில் 18 என்று இருந்தது. BP-யைத்தான் திருப்பி அடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். டைப் அடிக்கிறவர்களுக்கு இந்தக் காலத்தில் எதிலும் கவனமில்லை.

"அப்ப சீசா இல்லையா மேடம்?" என்றேன்.

"எந்த சீசா?" என்றார். ஆஞ்சலா என் காலை மிதித்தாள்.

டாக்டரம்மா நிறையக் கேள்வி கேட்டார். வீட்டுச் சுவரில் பெயின்ட் உரிகிறதா, குழந்தை எதையாவது வாயில் வைக்கிறதா, என்ன பாத்திரத்தில் சமையல். கடைசியாக, "அப்பா என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்றார்.

"பிசினஸ்" என்றேன். என் கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் போட்டிருந்தது.

"என்ன மாதிரி?"

"ஆட்டோமொபைல் லைன்."

இதில் பொய் ஒன்றுமில்லை. மேம்பாலத்துக்குக் கீழே எனக்கு ஒரு பேட்டரி சர்வீஸ் கடை. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவேன், சார்ஜ் போடுவேன், பழைய பேட்டரியைப் பிரித்து பிளேட் மாற்றுவேன், வயர் மாட்டுகிற டெர்மினலை உருக்கி ஊற்றுவேன். ஆனால் இங்கிலீஷ் படித்த டாக்டர் முன்னால் "பேட்டரி கடை" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அவர் "கார் விற்பனை" என்பது போல ஏதோ குறித்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஈயம் என்றதும் ஆஞ்சலாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் வீடுகளில் ஈயப் பாத்திரம் என்றால் அந்த வெள்ளை அலுமினியப் பாத்திரம்தான். பால் காய்ச்சுவது அதில், சோறு வடிப்பது அதில். இட்லிக் குண்டான், குழம்புச் சட்டி, பிடி போன தூக்கு எல்லாவற்றையும் நான் கூடத்தில் அடுக்கினேன். கடைசியில் டேக்சாவைத் தூக்கினேன். கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு ஐம்பது பேருக்கு ஆக்குகிற டேக்சா. லிங்கராஜபுரத்தில் பாதிப் பேர் வீட்டு விசேஷத்துக்கு இரவல் போய்வந்த டேக்சா. ஆஞ்சலா தன் நகையைக்கூட யாருக்கும் காட்டிப் பேசியதில்லை, அந்த டேக்சாவைக் காட்டிப் பேசியிருக்கிறாள்.

"அது மட்டும் வேணாங்க" என்றாள்.

"பொண்ணு முக்கியமா, பிரியாணி முக்கியமா?"

இந்தக் கேள்விக்கு எந்தத் தாயும் பதில் சொல்ல முடியாது. பழைய இரும்புக்காரன் அதை வண்டியில் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு போவதைப் படியில் நின்று பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கீழே கோதண்டராமன் தன் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார், அடுத்தது அவர் பாத்திரம் என்று பயந்திருப்பார்.

ஒரு மாதம் எவர்சில்வரில் அடிப்பிடித்த சோறு சாப்பிட்டோம். சுவர் முழுக்க நானே சுரண்டிப் புதுசாகப் பெயின்ட் அடித்தேன். பொம்மைகளைத் தூக்கி எறிந்தேன். தினம் சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது ஜோவி படி உச்சியில் நிற்பாள். நான் மூன்று படி கீழே இருக்கும்போதே "டாடி, பிடி" என்று தாவுவாள். அவள் தாவுகிற நேரம் எனக்குத் தெரியும், ஒரு நாளும் தவறவிட்டதில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டு என் சட்டையில் முகத்தை அழுத்தி நன்றாக இழுப்பாள். "டாடி வாசனை" என்பாள். ஆசிட், கிரீஸ், வேர்வை எல்லாம் கலந்த வாசனை. ஆஞ்சலா மூக்கைப் பொத்திக்கொள்வாள். உலகத்தில் அந்த வாசனையை விரும்பின ஒரே ஆள் ஜோவிதான். அந்த ஒரு மாதமும் நான் அவளை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் கட்டிக்கொண்டேன். பயம் அப்படி.

ஜூலையில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இருபத்தொன்று.

ஏறியிருக்கிறது. பாட்டில் போச்சு, டேக்சா போச்சு, ஓனரோடு பேச்சு போச்சு, எண் மட்டும் ஏறியிருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் பைக்கை ஸ்டார்ட் பண்ணாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். முன்னால் உட்கார்ந்த ஜோவி ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

இதற்கு நான்கு நாள் கழித்து சாவித்ரம்மாவின் ஸ்கூட்டர் மேம்பாலத்துக்குக் கீழே நின்றுபோனது. அதைத் தள்ளிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தார். நான் ஸ்டவ்வில் இரும்புக் கரண்டியை வைத்து டெர்மினலுக்கு உருக்கிக்கொண்டிருந்தேன். அவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கரண்டிக்குள் எட்டிப்பார்த்தார். "ஏன்ரீ அது?" என்றார், என்ன அது என்று.

"லெட்டு மேடம். டெர்மினல் ஊத்றேன்."

சாவித்ரம்மா கரண்டியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "லெட் அந்த்ரே சீஸ அல்வேன்ரீ?" என்றார். லெட் என்றால் சீசா இல்லையா என்று.

நான் சிரித்தேன். பாவம், கன்னடக்காரருக்கே கன்னடம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்று. "இல்ல மேடம். சீசா அந்த்ரே பாட்லி."

"பாட்லிகே பாட்லி அந்தாரே. சீஸ அந்த்ரே இதே." பாட்டிலைப் பாட்லி என்றுதான் சொல்வார்கள், சீசா என்றால் இதுதான் என்று விரல் நேராகக் கரண்டியைக் காட்டியது.

பக்கத்துப் பஞ்சர் கடை ஆதிகேசவன் என்னோடு எட்டாம் வகுப்பில் உட்கார்ந்தவன், ஒரு தடவை மட்டும். அவனைக் கூப்பிட்டேன். "டேய் ஆதி, ஈயம்னா இன்னாடா?"

"லெட்டு தான்டா. காதுல காய்ச்சி ஊத்தினாப்ல இருக்குதுன்னு சொல்லுவாங்களே, அதான். நீ தினம் ஊத்தறியே."

ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றினது மாதிரி என்று நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், ஆஞ்சலாவின் அண்ணன் கோயிலில் பாடும்போதெல்லாம். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கன்னடத்தில் சொன்னார்கள், பாட்டிலைத் தூக்கினேன். தமிழில் சொன்னார்கள், டேக்சாவைத் தூக்கினேன். பதினாறு வருஷமாகக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன், அதற்கு மட்டும் இங்கிலீஷ் பெயர்.

சாவித்ரம்மா என் சட்டையைப் பார்த்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை, அதன் மேல் சாம்பல் நிறத்தில் தூசி. "ஈ ஷர்ட் ஹாக்கொண்டே மனேகே ஹோக்தீரா?"

இதே சட்டையோடுதான் வீட்டுக்குப் போவேன் என்று தலையாட்டினேன்.

"மகூன எத்கொள்தீரா?"

குழந்தையைத் தூக்குவாயா என்று கேட்கிறார். நான் ஸ்டவ்வை அணைத்தேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல், பைக் ஓட்டுகிற நிலையில் நான் இல்லை என்று பார்த்து, ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். வீட்டுப் பின்பக்க வாளியில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் படி ஏறினேன்.

ஆஞ்சலா முழுக்கக் கேட்டாள். "என் டேக்சா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

டாக்டரம்மாவும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆட்டோமொபைல் லைன்னு சொன்னீங்களே சார்" என்றார், நல்ல தமிழையெல்லாம் மறந்து. எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். நாற்பத்து நாலு. வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் நான் அவ்வளவு வாங்கியதில்லை. உருக்குவதை விட்டுவிட வேண்டும், டெர்மினல் ரெடிமேடாக வாங்க வேண்டும். கடைச் சட்டை கடையிலேயே இருக்க வேண்டும். கை கால் கழுவி, குளித்த பிறகுதான் வீட்டுக்குள் போக வேண்டும். "குளிச்ச பிறகு குழந்தையைத் தாராளமா தூக்கலாம்" என்றும் சொன்னார். மற்றதெல்லாம் எனக்குக் காதில் ஏறியது. அது மட்டும் ஏறவில்லை.

குளிப்பது எங்கே? கடையில் குழாய் இல்லை. மாடிக்குப் போக வேண்டுமென்றால் படி ஏற வேண்டும், உச்சியில் ஜோவி நிற்பாள். கீழ்வீட்டுப் பின்பக்கம் ஒரு பாத்ரூம் சும்மா கிடந்தது. கோதண்டராமன் வாசலில் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது சந்தோஷம்.

"அப்ப என் பாட்டில் மேல தப்பு இல்ல."

"இல்ல சார்."

"தெருவுல எல்லாருக்கும் சொல்லணும்."

"சொல்றேன் சார்."

"இருபத்து மூணையும் கழுவி, செடி வெச்சு, நீயே படியில வை. அப்புறம் பாத்ரூம் சாவி தரேன்."

வைத்தேன். அன்றிலிருந்து அவர் தினம் சாயங்காலம் கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என் பைக் சத்தம் கேட்டால் போதும், "பெர்னார்ட், குளியல்" என்று தெருவே கேட்கக் கத்துவார். குளித்து வந்தால் காது மடல் வரை பார்ப்பார். சிலசமயம் திருப்பி அனுப்புவார்.

நான் அதற்குமேல் போனேன். குளித்த பிறகும் ஜோவியைத் தூக்கவில்லை. தோலில் ஒட்டியிருந்தால்? நகத்துக்குள் இருந்தால்? அவள் படி உச்சியில் நின்று "டாடி, பிடி" என்பாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வேணாம்டா கண்ணு, அப்புறம்" என்பேன். ஒரு வாரம் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. படியிலும் நிற்கவில்லை. நான் குளித்து, சோப்பை இரண்டு தடவை போட்டு, மேலே வருவதற்குள் தூங்கியிருப்பாள். நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டேன். நெஞ்சு மட்டும் அதைக் கேட்கவில்லை.

செப்டம்பர் டெஸ்டில் இருபது. இரண்டு மாசத்தில் ஒன்று குறைந்திருக்கிறது.

"இன்னும் நல்லா இறங்கியிருக்கணும்" என்றார் டாக்டரம்மா. "வீட்டுல இன்னும் எதுவோ இருக்கு."

எதுவும் இல்லை என்று சத்தியம் பண்ணினேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் கோதண்டராமன் முந்திக்கொண்டு பாட்டிலுக்கெல்லாம் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குக் கிளம்பும்போது, ஆஞ்சலா ஜோவியின் தலையணை உறையைத் துவைக்க எடுத்தாள். உள்ளே கையை விட்டவள் அப்படியே நின்றாள். இழுத்தாள். என் நீலக் கட்டம் போட்ட சட்டை வந்தது.

ஜூலையில் அன்றைக்குக் கழற்றிப் பின்பக்க வாளியில் போட்ட சட்டை. ஓனர் குப்பையில் போட்டிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் போட்டேன் என்று அவர் நினைத்திருக்கிறார். இரண்டு மாதமாக என் பெண், உறை துவைக்கிற நாளில் மட்டும் எங்கோ ஒளித்துவைத்து, அதன் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கியிருக்கிறாள்.

"எதுக்குடி இதை எடுத்த?" என்றாள் ஆஞ்சலா.

ஜோவி சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திருட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற பயம் முகத்தில் இருந்தது. "டாடிதான் என்னைத் தூக்கறதில்லையே" என்றாள். "அதான் நான் டாடி சட்டையைத் தூக்கினேன்."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். நானே சுரண்டி நானே பெயின்ட் அடித்த சுவர். பயந்தால் எனக்கு அழுகை வராது என்று சொன்னேனே, இது பயம் இல்லை.

ஆஞ்சலா சட்டையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினாள். ஜோவி அழ ஆரம்பித்தாள். கோயிலுக்கென்று தேய்த்து வைத்திருந்த என் வெள்ளைச் சட்டையை எடுத்து அவளிடம் நீட்டினேன். "இந்தா, இது உனக்கு. இதுவும் டாடி சட்டைதான்."

அவள் மூக்கை வைத்து இழுத்தாள். "இது சோப்பு" என்றாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். பைக் சாவியை ஆணியிலேயே விட்டேன். ஜோவியைத் தூக்கினேன். ஜூலைக்குப் பிறகு முதல் தடவை, கொஞ்சம் கனத்திருந்தாள். "நடந்தா போறீங்க? ரெண்டு கிலோமீட்டர் இருக்குது" என்றாள் ஆஞ்சலா. நடந்தேதான் போனேன். நல்ல வெயில். மேம்பாலத்தைத் தாண்டுவதற்குள் வேர்வையில் முதுகு நனைந்துவிட்டது. ஆஞ்சலா பின்னால் குடையோடு வந்தாள், ஆனால் அதை எங்கள் மேல் பிடிக்கவில்லை, என்ன செய்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

டிசம்பரில் பன்னிரண்டுக்கு இறங்கியது. ஆதிகேசவன் எங்கெங்கோ அலைந்து அதே சைஸில் ஒரு டேக்சா வாங்கிக்கொண்டு வந்தான், கிறிஸ்துமஸுக்கு அதில்தான் பிரியாணி. சாவித்ரம்மாவும் வந்தார். முதல் தட்டு கோதண்டராமனுக்குப் போனது. எண் இன்னும் இறங்க வேண்டும், இறங்கும் என்கிறார் டாக்டரம்மா.

செப்டம்பரில் நடந்து போன அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிறவரை ஜோவி என் மடியிலிருந்து இறங்கவில்லை. ஆஞ்சலாவின் அண்ணன் பாடிக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்கு அதுகூடக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. கடைசி ஆசீர்வாதத்துக்கு எல்லோரும் எழுந்தபோது அவள் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, மூக்கை அழுத்தி, கண்ணை மூடி, நன்றாக இழுத்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் வந்திருக்கு" என்றாள்.